அசையும் குச்சி, அசையாக் குச்சி: சாப்ஸ்டிக் பழகுவோருக்கு

சாப்ஸ்டிக்கில் தடுமாறுகிறவரின் கையைக் கொஞ்ச நேரம் கவனித்தால் கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும். இரண்டு குச்சிகளையும் சேர்த்து அசைப்பார். இரண்டும் அசைந்தால் நுனிகள் ஒன்றையொன்று தாண்டிப் பெருக்கல் குறியாகக் குறுக்கிட்டுக்கொள்ளும். இடையில் இருந்த பண்டம் தெறித்து எதிரில் இருப்பவரின் தட்டுக்குப் போகும். அசைய வேண்டியது மேல் குச்சி மட்டும்தான். கீழ்க் குச்சி கையோடு சேர்ந்து அப்படியே நிற்க வேண்டும். இதற்குப் பிறகு நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி இந்த ஒரு விதியைக் கைக்குப் புரியவைக்கும் வழிகள்தான்.

வேலைக்கோ படிப்புக்கோ ஜப்பான் கிளம்புகிறவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். டோக்கியோவின் எடோகவா வட்டாரத்தில், இந்தியக் குடும்பங்கள் நிறைந்த நிஷி கசாய் பக்கம் வீடு எடுத்தவர்களுக்குப் பருப்புக்கும் மிளகாய்ப்பொடிக்கும் பஞ்சமில்லை. வீட்டுக்குள் கையே போதும். அலுவலக உணவகத்துக்கும் சக ஊழியர்கள் கூப்பிடும் இரவுச் சாப்பாட்டுக்கும்தான் குச்சி வேண்டியிருக்கிறது. சீனா, கொரியா, சிங்கப்பூர் போகிறவர்களுக்கு எங்கெங்கே மாறும் என்பதைப் பிற்பாதியில் சொல்கிறேன்.

முதலில் ஓர் ஆறுதல். எல்லாவற்றையும் குச்சியால்தான் சாப்பிட வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஜப்பானியர் குழம்பு ஊற்றிய தங்கள் கறி சோற்றை ஸ்பூனால்தான் சாப்பிடுகிறார்கள். சுஷியைக் கையால் எடுத்து வாயில் போட்டுக்கொள்ளலாம். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. தாய்லாந்தில் சோற்றுக்கு ஸ்பூனும் ஃபோர்க்கும்தான், குச்சி பெரும்பாலும் நூடுல்ஸ் சூப்புக்கு மட்டும். அங்கே போய்ச் சோற்றுக்குக் குச்சி கேட்கிற வெளியூர்க்காரரைப் பார்த்துக் கடைக்காரர் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வார். ஜப்பானில் கை சோர்ந்துவிட்டால் "ஃபோகு அரிமாஸ்கா?" என்று கேட்கலாம், ஃபோர்க் இருக்கிறதா என்று பொருள். பெரும்பாலான கடைகளில் முகம் சுளிக்காமல் கொண்டுவந்து வைப்பார்கள்.

எந்தக் குச்சியில் பழகுவது

மரம் அல்லது மூங்கில். வேறு எதிலும் தொடங்க வேண்டாம். சீன உணவகங்களில் வைக்கும் மெலமைன் குச்சி வழுக்கும். கொரியாவின் எஃகுக் குச்சி அதைவிட வழுக்கும், கனமும் கூட. மூங்கிலில் லேசான சொரசொரப்பு இருக்கும், விரலும் உணவும் இரண்டுமே அதில் நிற்கும். உருண்டைக் குச்சியைவிடச் சதுர முனை கொண்டது நல்லது, விரலுக்குள் சுழலாது. நுனியில் மெல்லிய வரிகள் வெட்டியது கிடைத்தால் விடாதீர்கள்.

நீளத்துக்கு ஜப்பானில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் செங்கோணமாக விரித்து, நுனிக்கு நுனி அளந்துகொள்ளுங்கள். அந்த அளவின் ஒன்றரை மடங்கு நீளம் உங்கள் குச்சிக்கு வேண்டும். 15 செ.மீ. வந்தால் குச்சி 22 அல்லது 23 செ.மீ. இருக்கலாம். ஜப்பானியக் குச்சி கூர்மையான நுனி கொண்டது, மீன் முள்ளைப் பிரித்தெடுக்க அது வசதி. சீனக் குச்சி நீளம், நுனி மழுங்கல். வட்ட மேசையின் நடுவில் இருக்கும் பொதுத் தட்டுக்குக் கை எட்ட வேண்டுமே. பழகுகிறவருக்கு ஜப்பானிய அளவே தோது.

ஃபுகுயி மாகாணத்து ஒபாமா நகரம் அரக்குப் பூச்சுக் குச்சிகளுக்குப் பேர்போனது. முட்டை ஓடும் சிப்பித் துண்டும் பதித்துத் தேய்த்து மெருகேற்றிய அந்தக் குச்சிகளைப் பார்த்தால் வாங்காமல் வர மனம் வராது. வாங்குங்கள், ஆனால் பெட்டிக்குள் வைத்துவிட்டு மூங்கிலில் பழகுங்கள்.

விரல் நுழைக்க வளையம் வைத்த பயிற்சிக் குச்சிகளும் விற்கிறார்கள். அவை குழந்தைகளுக்கு. பெரியவர்களுக்கு அவை தேவையில்லை என்பது என் கருத்து. மோதிரவிரல் செய்ய வேண்டிய வேலையை வளையமே செய்துவிடுவதால், சாதாரணக் குச்சிக்கு மாறும் நாளில் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

கை வைக்கும் முறை

முதல் படி, கீழ்க் குச்சி. வலது கையைத் தளர்வாக முன்னே நீட்டுங்கள், கட்டைவிரல் மேற்பக்கம் இருக்கட்டும். குச்சியின் தடித்த பகுதியைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே உள்ள இடுக்கில் படுக்க வையுங்கள். மோதிரவிரலைச் சற்று மடக்கி, நகத்தின் அடிப்பக்கத்தை ஒட்டிய பக்கவாட்டில் குச்சியின் முன்பகுதியைத் தாங்குங்கள். சுண்டுவிரல் மோதிரவிரலுக்கு அடியில் முட்டுக்கொடுத்து நிற்கும். கட்டைவிரலின் அடிச்சதை மேலிருந்து லேசாக அழுத்தும். இப்போது இடது கை விரலால் குச்சியின் நுனியைத் தட்டிப் பாருங்கள். ஆடாமல் நின்றால் சரி. ஆடினால் மோதிரவிரல் நீண்டுகொண்டிருக்கிறது என்று அர்த்தம், இன்னும் கொஞ்சம் மடக்குங்கள்.

இரண்டாம் படி. கீழ்க் குச்சியை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு, மேல் குச்சியை மட்டும் பேனா பிடிப்பது போலப் பிடியுங்கள். கட்டைவிரலின் நுனிச் சதை, சுட்டுவிரல், நடுவிரல் ஆகிய மூன்றும் குச்சியைத் தொட வேண்டும். பேனாவை நாம் முனைக்குப் பக்கத்தில் பிடிப்போம். இங்கே பிடி வெகுவாக மேலே போக வேண்டும். குச்சியின் மொத்த நீளத்தில் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளிய இடம். இனி மணிக்கட்டை அசைக்காமல் குச்சியின் நுனியை மட்டும் மேலும் கீழும் கொண்டு போங்கள். ஜப்பானில் குழந்தைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும்போது காற்றில் 1 என்ற எண்ணை எழுதச் சொல்வார்கள். கட்டைவிரல் அச்சாக நிற்கும், சுட்டுவிரலும் நடுவிரலும் மடங்கி நிமிரும், அவ்வளவுதான். சாப்பாடே இல்லாமல் இந்த ஒற்றைக் குச்சிப் பயிற்சியைத் தினமும் ஐந்து நிமிடம் செய்கிறவர்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் தேறுகிறார்கள். பலரும் இதைத் தாண்டிக் குதித்து நேரே நூடுல்ஸுக்குப் போய்விடுகிறார்கள், வருத்தமும் படுகிறார்கள்.

மூன்றாம் படி, இரண்டையும் சேர்த்தல். மேல் குச்சி பிடித்த கை அப்படியே இருக்கட்டும். இடது கையால் இரண்டாவது குச்சியை எடுத்து, அதன் தடித்த பகுதியை முன்பக்கத்திலிருந்து விரல்களுக்கு நடுவே செருகி, இடுக்கிலும் மோதிரவிரலிலும் தங்க வையுங்கள். நடுவிரல் இப்போது இரண்டு குச்சிகளுக்கும் இடையில் இருக்கும். அதுதான் சூட்சுமமான விரல். குச்சிகள் விரிய வேண்டுமென்றால் நடுவிரல் மேல் குச்சியைத் தூக்கும். மூட வேண்டுமென்றால் சுட்டுவிரல் அழுத்தும். கீழ்க் குச்சிக்கு இந்த விவகாரத்தில் எந்தப் பங்கும் இல்லை.

நான்காம் படி, நுனிகளைச் சமப்படுத்துதல். ஒரு குச்சி அரை விரற்கடை நீண்டிருந்தால்கூட எதுவும் பிடிபடாது. பிடி முழுக்கச் சரியாக இருந்தும் எதுவும் நிற்கவில்லை என்று புலம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. தனியாக இருக்கும்போது நுனிகளைத் தட்டில் மெல்லத் தட்டிச் சரிசெய்துகொள்ளலாம். நாலு பேரோடு உட்கார்ந்திருக்கும்போது இடது கை விரலால் ஓசையின்றித் தள்ளிச் சரிசெய்வது நாகரிகம்.

வலி வந்தால் எந்த இடத்தில் என்று பாருங்கள். கட்டைவிரலின் அடியில் வலித்தால் இறுக்கிப் பிடிக்கிறீர்கள். குச்சி விரலுக்குள் சுழன்றால் கட்டைவிரல் மடங்கியிருக்கிறது, நிமிர்த்துங்கள். நுனிகள் குறுக்கிட்டால் கீழ்க் குச்சி மோதிரவிரலிலிருந்து நழுவிவிட்டது. சாப்பிடச் சாப்பிடக் கை நுனியை நோக்கி இறங்கிக்கொண்டே வந்தால், பயத்தில் இறங்குகிறது; பிடி நெருங்கினால் உறுதியாக இருப்பதாகத் தோன்றும், ஆனால் குச்சிகள் போதிய அளவு விரியாது.

இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் எல்லாவற்றையும் கண்ணாடியில் பார்ப்பதாக வைத்துக்கொண்டு மாற்றிச் செய்யலாம். பழைய காலத்தில் குழந்தைகளை வலது கைக்கு மாற்றினார்கள். இப்போது அந்தக் கெடுபிடி மிகவும் தளர்ந்துவிட்டது. நெருக்கமான மேசையில் இடது ஓரமாக உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவரின் முழங்கையோடு மோத வேண்டியிருக்காது.

நம் அடுப்படியிலேயே பயிற்சி

விமானம் ஏறுவதற்கு முன் வீட்டிலேயே பழகிவிடலாம். ஜப்பானியச் சாமான் எதுவும் வேண்டாம். வரிசைதான் முக்கியம்.

முதலில் பக்கோடா. ஒழுங்கற்ற வடிவம், சொரசொரப்பு, கனமில்லை. எப்படிப் பிடித்தாலும் நிற்கும், நம்பிக்கை வரும். அடுத்து வேகவைத்த உருளைக்கிழங்கை விரற்கடை அளவுத் துண்டுகளாக்கி எடுத்துப் பாருங்கள். அழுத்தம் கூடினால் உடையும், குறைந்தால் நழுவும்.

பிறகு கொண்டைக்கடலைச் சுண்டல். இதில் கொஞ்சம் நேரம் செலவழிக்கலாம். ஒரு கடலையைத் தேர்ந்துகொண்டு, நுனிகளை அதன் இரண்டு பக்கமும் கொண்டுபோங்கள். மேல் பாதியைக் கவ்வினால் அது கீழே அழுந்தி வழுக்கி ஓடிவிடும். நடுவுக்குச் சற்றுக் கீழே பிடித்தால் தானாக மேலே ஏறி நுனிகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொள்ளும். அதற்குக் குச்சிகள் தட்டை நோக்கிச் செங்குத்தாக இறங்காமல் நன்றாகச் சாய்ந்து வர வேண்டும். தாளித்த எண்ணெய் பளபளக்கிற சுண்டல் இன்னும் கடினம். தாளிக்காத கடலையில் தொடங்கி, கை தேறிய பின் எண்ணெய்க்குப் போகலாம். வறுத்த நிலக்கடலையை எடுத்துக் காட்டுவது எல்லாம் வித்தை. சாப்பாட்டு மேசையில் அந்தப் பரீட்சையை யாரும் வைப்பதில்லை.

இட்லி எதற்கு என்றால், பிட்கக் கற்றுக்கொள்ள. இதுவரை மூடும் வேலையைத்தான் பழகினோம். இது திறக்கும் வேலை. மூடிய நுனிகளை இட்லியின் ஓரத்திலிருந்து சற்று உள்ளே குத்தி இறக்கி, நடுவிரலால் மேல் குச்சியை விரியுங்கள். துண்டு பிரிந்து வரும். ஜப்பானில் மீனையும் வேகவைத்த முள்ளங்கியையும் டோஃபு என்ற சோயாக் கட்டியையும் இப்படித்தான் பிரிப்பார்கள். கத்தியின் வேலை அங்கே பெரும்பாலும் அடுப்படியோடு முடிந்துவிடுகிறது. மேசைக்கு வருவதெல்லாம் வாயளவுத் துண்டுகள் அல்லது குச்சிக்கு மசிகிற மென்மையான பண்டங்கள்.

இடியாப்பம் நூடுல்ஸுக்கான ஒத்திகை. நான்கைந்து இழைகளுக்கு மேல் எடுக்க ஆசைப்படாதீர்கள். நிறைய எடுத்தால் மொத்தச் சிக்கலும் கூடவே எழுந்து வரும்.

சோறு கடைசியில்தான். அதுவும் பொன்னி அரிசிச் சோற்றில் முயற்சி செய்து மனம் உடைந்துபோக வேண்டாம். நம் அரிசி வடித்தால் பொலபொலவென்று உதிர வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வளர்த்த அரிசி. ஜப்பானியக் குட்டை அரிசியில் அமைலோஸ் என்ற மாவுச்சத்து வகை குறைவு, ஆகவே வெந்ததும் பருக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பழகுவதற்குப் பச்சரிசியைக் கொஞ்சம் குழைய வடித்துக்கொள்ளுங்கள். சோற்றை இடுக்கி எடுக்க வேண்டியதில்லை. இரண்டு நுனிகளையும் சற்று விலக்கி, சோற்றுக்கு அடியில் நுழைத்து, ஒரு கட்டியாக ஏந்தி, லேசாக மூடினால் போதும்.

சாம்பார் ஊற்றிய சோற்றைக் குச்சியால் சாப்பிட முயல்கிற சிலரைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிடிவாதத்துக்கு எந்த நாட்டிலும் பரிசு கிடையாது.

மேசைக்கு முன்னால்

ஜப்பானிய மேசையில் குச்சி உங்களுக்கு முன்னால் படுக்கைவசமாக, நுனி இடது பக்கம் பார்த்து, சிறிய தாங்கியின் மேல் இருக்கும். எடுப்பதற்கு மூன்று அசைவுகள். வலது கையால் மேலிருந்து எடுக்க வேண்டும். இடது கையை அடியில் கொடுத்துத் தாங்க வேண்டும். வலது கையை அப்படியே குச்சியின் கோடி வரை நகர்த்தி, அடிப்பக்கமாகத் திருப்பிப் பிடிக்க வேண்டும். எழுதும்போது நீளமாகத் தெரிகிறது, கைக்கு ஒரு விநாடி வேலை. சாப்பிடுவதற்கு முன் "இதாதகிமாஸ்" என்று சொல்வது வழக்கம், பணிவோடு பெற்றுக்கொள்கிறேன் என்று பொருள்.

சாதாரணக் கடைகளில் கிடைப்பது உறைக்குள் இருக்கும் ஒட்டுக்குச்சி, பிளந்து பயன்படுத்த வேண்டும். அதை மடிக்கு மேலாகக் கிடைமட்டமாகப் பிடித்து, மேலும் கீழுமாக இழுத்துப் பிளக்கவும். பக்கவாட்டில் இழுத்தால் பிளந்த வேகத்தில் முழங்கை பக்கத்து ஆளின் விலாவில் இறங்கும். பிளந்த பிறகு இரண்டையும் சேர்த்துத் தேய்க்காதீர்கள். மலிவான குச்சி கொடுத்துவிட்டாய் என்று கடைக்காரரிடம் சொல்லாமல் சொல்வதாகிவிடும். சிலாம்பு நீட்டிக்கொண்டிருந்தால் விரலால் கிள்ளி எடுத்துவிட்டால் போயிற்று.

நம்மவர்களுக்கு எல்லாவற்றையும்விடச் சிரமமான விஷயம் இடது கை. சாப்பாட்டுப் பக்கமே கொண்டுபோகக் கூடாது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த கை. ஜப்பானில் அதற்கு நிறைய வேலை இருக்கிறது. சோற்றுக் கிண்ணத்தையும் சூப் கிண்ணத்தையும் இடது கையில் ஏந்தி மார்பளவு உயர்த்திச் சாப்பிட வேண்டும்: கட்டைவிரல் விளிம்பில், மற்ற நான்கு விரல்களும் அடியில். கிண்ணத்தை மேசையிலேயே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்து சாப்பிடுவதுதான் அங்கே அநாகரிகம். பெரிய தட்டுகளைத் தூக்க வேண்டாம். கிண்ணம் வாய்க்குப் பக்கத்தில் வந்துவிடுவதால் சோறு பயணப்படும் தூரமும் குறைகிறது. பழகாத கைக்கு இது பெரிய உபகாரம்.

புளித்த சோயா விழுதில் செய்யும் மிசோ சூப்புக்கு ஸ்பூன் தரமாட்டார்கள். கிண்ணத்தின் விளிம்பில் வாய் வைத்துக் குடித்துவிட்டு, உள்ளே இருக்கும் டோஃபுவையும் கடற்பாசியையும் குச்சியால் எடுத்துக்கொள்ள வேண்டும். ராமென் என்ற நூடுல்ஸ் சூப் விற்கும் கடையில் மட்டும் சூப்புக்கென்று பீங்கான் கரண்டி தருவார்கள்.

நூடுல்ஸ் சாப்பிடும்போது சத்தம் வரலாம். இழைகளைக் கொஞ்சம் தூக்கி, சூடு ஆற விட்டு, வாயில் வைத்து, மீதியைக் குச்சியால் மேலே தள்ளிக்கொண்டே உறிஞ்சினால் அது தானாக வந்துவிடும். உறிஞ்சத் தெரியாவிட்டால் அமைதியாகச் சாப்பிடுங்கள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

முழு மீனை வாட்டி வைத்தால் தலைப் பக்கத்திலிருந்து வாலை நோக்கி மேல்பக்கத்தைச் சாப்பிட்டு வர வேண்டும். அது முடிந்ததும் நடுமுள்ளைக் குச்சியால் நெம்பி முழுதாகத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, அடிப்பக்கத்தைத் தொடரலாம். மீனைப் புரட்டிப் போடக் கூடாது. சீனாவின் தென்கரையோரங்களிலும் மீனைப் புரட்டமாட்டார்கள். அங்கே சொல்லும் காரணம், மீனைப் புரட்டினால் படகு கவிழும் என்பது.

தேர்ந்த கைக்கு ஓர் அடையாளம் உண்டு. சாப்பிட்டு முடித்த பிறகு குச்சியின் நுனியில் ஒன்றரை செ.மீ. முதல் 3 செ.மீ. வரைதான் ஈரமாகியிருக்க வேண்டும் என்பார்கள். வெளிநாட்டவரிடம் இதை யாரும் அளந்து பார்க்கப் போவதில்லை.

செய்யவே கூடாதவை

ஜப்பானியர் குச்சிப் பிழைகளுக்கு ஒரு நீண்ட பட்டியலே வைத்திருக்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயரோடு. அத்தனையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இரண்டை மட்டும் எந்த நிலையிலும் செய்துவிடக் கூடாது. இரண்டுமே சாவோடு தொடர்புள்ளவை.

முதலாவது, சோற்றில் குச்சியைச் செங்குத்தாகக் குத்தி நிறுத்துவது. ஜப்பானில் இறந்தவரின் தலைமாட்டில் ஒரு கிண்ணம் சோற்றில் குச்சியை நட்டு வைப்பார்கள். சீனர்களுக்கு அது இறந்தவர்களுக்கு ஏற்றும் ஊதுபத்தியை நினைவுபடுத்தும். பேச்சு சுவாரசியத்தில் கையை விடுவித்துக்கொள்ளச் சோற்றில் குத்திவிட்டுத் திரும்புகிறவர் அந்த மேசையையே இழவு வீடாக்கிவிடுகிறார்.

இரண்டாவது, ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவை மாற்றுவது. ஜப்பானில் தகனத்துக்குப் பிறகு உறவினர்கள் நின்று, எலும்புகளைக் குச்சியால் எடுத்துக் கலசத்தில் சேர்ப்பார்கள். இருவர் சேர்ந்து ஒரே எலும்பைப் பிடிப்பதும், ஒரு குச்சியிலிருந்து மறு குச்சிக்குக் கைமாற்றுவதும் உண்டு. கால் எலும்பில் தொடங்கித் தலையில் முடிப்பார்கள், கலசத்துக்குள் இறந்தவர் தலைகீழாகிவிடக் கூடாது என்பதற்காக. இரண்டு குச்சிகள் ஒரே பண்டத்தைப் பிடிக்கும் காட்சி அவர்களுக்கு அந்த அறையைத்தான் ஞாபகப்படுத்தும். யாருக்காவது ஒரு துண்டு கொடுக்க வேண்டுமென்றால் அவருடைய தட்டில் வைத்துவிடுங்கள்.

மற்றவை சில்லறைத் தப்புகள். எதை எடுக்கலாம் என்று தட்டுகளுக்கு மேலே குச்சியை அலைய விடுவது, உணவைக் குத்தி எடுப்பது, குச்சியால் தட்டை இழுப்பது, குச்சியை நீட்டி ஆளைக் காட்டிப் பேசுவது, நுனியை நக்குவது. ஏறக்குறைய எல்லாமே நம் வீட்டிலும் அம்மா அதட்டுகிற சங்கதிகள்தான். ஒன்று மட்டும் எதிர்பாராதது: சொட்டிவிடுமோ என்று உணவுக்கு அடியில் இடது கையை ஏந்திக்கொண்டு போவது பார்க்கப் பணிவாகத் தெரியும். கண்டிப்பான ஜப்பானிய முறையில் அது சரியில்லை, சிறிய தட்டையோ கிண்ணத்தையோ ஏந்த வேண்டும். இன்று அங்கேயே பலர் கையைத்தான் ஏந்துகிறார்கள்.

ஊர் மாறினால் முறையும் மாறும்

கொரியாவில் ஜப்பானியப் பழக்கத்தைத் தலைகீழாக்க வேண்டும். கிண்ணம் மேசையிலேயே இருக்க வேண்டும், கையில் தூக்கக் கூடாது. சோறும் சூப்பும் ஸ்பூனால்; தொட்டுக்கொள்ளும் பதார்த்தங்களுக்கு மட்டும் குச்சி. இரண்டையும் ஒரே கையில் சேர்த்துப் பிடிக்கக் கூடாது, ஒன்றை வைத்துவிட்டு மற்றதை எடுக்க வேண்டும். மேசையில் மூத்தவர் எடுத்த பிறகே இளையவர் எடுப்பது வழக்கம். அவர்களுடைய எஃகுக் குச்சி தட்டையானது, மெலிந்தது. மூங்கிலில் தேறிய கைக்கும் முதல் வேளை திணறும். பிடியை இறுக்காமல், வழக்கத்தைவிடச் சற்று மேலே பிடித்தால் சீக்கிரம் வசப்படும். சோற்றுக்கு ஸ்பூன் என்பது உண்மையில் பழைய ஏற்பாடு. சீனத்திலும் தொடக்க காலத்தில் தானியத்துக்குக் கரண்டிதான், குச்சி குழம்பில் கிடக்கும் காய்கறிக்கும் இறைச்சிக்கும். ஹெனான் மாகாணத்து அன்யாங் அருகே, பண்டைய சீனத்தை ஆண்ட ஷாங் அரசர்களின் தலைநகர் இருந்த இடத்தில் கிடைத்த வெண்கலக் குச்சிகளுக்கு மூவாயிரம் ஆண்டுக்கு மேல் வயது. அவையே கொதிக்கும் பாத்திரத்தில் துழாவுவதற்கு வைத்திருந்தவையாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

சீனாவில் எல்லாரும் பொதுத் தட்டிலிருந்து எடுப்பதால், பரிமாறுவதற்கென்று தனி ஜோடி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சில உணவகங்களில் ஆளுக்கு இரண்டு ஜோடி, இரண்டு நிறத்தில் வைப்பார்கள். ஒன்று எடுக்க, ஒன்று சாப்பிட. எச்சில் பார்க்கிற நமக்கு இந்த ஏற்பாடு மனத்துக்கு நிம்மதி. விருந்து கொடுப்பவர் நல்ல துண்டாகப் பார்த்து உங்கள் கிண்ணத்தில் வைத்தால் அது உபசாரம், மறுக்க வேண்டாம். குச்சியால் கிண்ணத்தைத் தட்டி ஓசை எழுப்பக் கூடாது, பிச்சை கேட்பதோடு சேர்த்துப் பார்ப்பார்கள்.

சிங்கப்பூர், மலேசியாவில் அன்றாடம் குச்சி இல்லாமலே காலம் தள்ளிவிடலாம். சோறு வைத்த தட்டுக்குச் சீனர்களே ஸ்பூனும் ஃபோர்க்கும் எடுப்பார்கள். ஆனால் சீனப் புத்தாண்டுக் காலத்தில் அலுவலகத்தில் யூ ஷெங் கலக்கக் கூப்பிடுவார்கள், தமிழ் ஊழியர்களும் தப்ப முடியாது. துருவிய காய்கறி, பச்சை மீன் துண்டு, நிலக்கடலைத் தூள், பொரித்த மாவுச் சில்லு, இனிப்புச் சாறு எல்லாம் போட்ட பெரிய தட்டைச் சுற்றி நின்று, எல்லாரும் ஒரே நேரத்தில் குச்சியால் அள்ளி உயரத் தூக்கிப் போட வேண்டும். எவ்வளவு உயரமோ அவ்வளவு யோகம் என்பது நம்பிக்கை. இன்றைய வடிவம் எங்கே பிறந்தது என்று இரண்டு நாடுகளும் இன்னமும் வழக்காடிக்கொண்டிருக்கின்றன. இந்த ஒரு சடங்குக்கு மேலே சொன்ன பிடி எதுவும் தேவையில்லை. குச்சியைக் கோடியில் பிடித்துக்கொண்டு வாரித் தூக்கினால் ஆயிற்று; மேசையில் சிந்துவதைப் பற்றிக் கவலையே வேண்டாம். மீன் சேர்க்காதவர்கள் முன்கூட்டியே சொன்னால் சைவத் தட்டு வரவழைப்பார்கள்.

சாப்பிட்டு முடித்த பின்

நடுவில் கையை ஓய்வாக வைக்க நினைத்தால் குச்சியைத் தாங்கியில் வையுங்கள், கிண்ணத்தின் குறுக்கே வைப்பதைத் தவிர்க்கலாம். தாங்கி இல்லாத கடையில் காகித உறையைக் குறுக்காக மடித்தால் சின்னத் தாங்கி தயார். சாப்பிட்டு முடித்ததும் ஒட்டுக்குச்சியைத் திரும்ப உறைக்குள் செருகி, உறையின் முனையை மடித்துவிடுங்கள். பயன்படுத்தியது என்று எடுக்கிறவருக்குத் தெரியும். கிளம்பும்போது "கோச்சிசோசமா தேஷ்தா" என்று கல்லாவில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு வரலாம், சாப்பாட்டுக்கு நன்றி என்று பொருள்.

வீட்டில் வைத்திருக்கும் மரக் குச்சியைத் தண்ணீரில் ஊறப் போடாதீர்கள். உடனே கழுவித் துடைத்து, காற்றாட உலர விடுங்கள். நுனி பிசிறடித்தாலோ வளைந்தாலோ ஜோடியாகவே மாற்றிவிடுங்கள். ஒன்று புதிது ஒன்று பழையது என்று வைத்துக்கொண்டால் நுனிகள் எப்போதும் மட்டத்துக்கு வராது.